பாரமும் விலங்கும்

“பெற்ற பிள்ளையின் மடியில் மூட்டையை ஏற்றி உட்கார வைத்திருக்கிறீர்களே, இது மனிதர் செய்யும் காரியமா?” என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். கேட்ட இடம் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். ஒலிபெருக்கி அலற, மேளம் முழங்க, முந்நூறு பேர் ஒருங்கே பேசிக்கொண்டிருந்த முகூர்த்த வேளை அது. மூட்டை என்று அவர் சொன்னது, கைலித் துணியில் தைத்துப் பச்சைப் பயறு நிரப்பிய ஒரு பை. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை மடியில் வைத்திருந்தவன் நம் மகன், வயது 8, ஆட்டிசம் உள்ளவன். பை மடியில் இருந்தவரை அவனும் இருக்கையில் இருந்தான். பெரியவர் இரக்கத்தின் மேலீட்டால் அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். ஐந்து நிமிடத்தில் பையன் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதத் தொடங்கினான். அப்பொழுது அதே பெரியவர், “இப்படிப்பட்ட பிள்ளையைச் சபைக்கு அழைத்து வரலாமா?” என்று இரண்டாவது கேள்வியையும் கேட்டார்.

அன்று நாம் விடை சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். இன்று சொல்லுகிறோம். அந்தப் பெரியவர் ஒருவருக்காக அன்று. தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் இதே கேள்விகளுக்கு விடையில்லாமல் தலைகுனிந்து நிற்கும் தாய்மார்கள் பொருட்டுச் சொல்லுகிறோம்.

முதலில் விஷயத்தை விளக்கிவிடுவோம். ஆட்டிசம் என்பது பைத்தியம் அன்று, தொற்றுநோய் அன்று, தாய் செய்த பாவமும் அன்று. 1943-ஆம் ஆண்டில் லியோ கேனர் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைக் குறித்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே மருத்துவ உலகம் அதனைத் தனித்து அறியலாயிற்று. இத்தகைய பிள்ளைகளுள் பலருக்கு ஓசையும் ஒளியும் தொடுகையும் நம்மைத் தாக்குவதுபோல் அளவாகத் தாக்குவதில்லை. நமக்கு இரைச்சலாகத் தோன்றுவது அவர்களுள் சிலருக்கு அடி விழுவது போன்றது. மெல்லத் தடவினால் துடித்து விலகும் பிள்ளை, அழுத்தமான பிடியைத் தானே தேடிச் செல்வதும் உண்டு.

நம் மகனுக்கு 5 வயதாயிருந்தபோது ஒரு நாள் பிற்பகல் அவனைக் காணவில்லை. நாம் கிராணி வேலை பார்ப்பது கிள்ளானை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில். தோட்டம் முழுதும் ஆட்கள் தேடினர். வாய்க்கால் ஓரமாகத் தேடியபோது அவன் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் உரக் கிடங்கில், வெறுஞ் சாக்குகளின் அடுக்கின் கீழே, முகம் மட்டும் வெளியே தெரிய அவன் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். இரவில் 3 மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்காத பிள்ளை! எந்த நிபுணரும் சொல்லுமுன் பிள்ளையே நமக்குச் சொல்லிய செய்தி அது. படிக்க நமக்குத்தான் தெரியவில்லை. சாக்கு அழுக்கு என்று சொல்லி அடித்தோம்.

பிறகு ஓர் அரசாங்க மருத்துவமனையில், அன்றாடச் செயல்களைப் பழக்கிக் கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரப்பி என்னும் சிகிச்சைப் பிரிவில், ஓர் அம்மையார் விளக்கினார். நம் தோலின் ஆழத்திலும் தசைகளிலும் மூட்டுகளிலும், உடல் எங்கே எவ்விதம் இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் உள்ளன. அவற்றின்மேல் சீராக விழும் அழுத்தம் சிலருக்கு அமைதி தருகிறது. இத்துறையில் முன்னோடியாகிய ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் புலன்களின் ஒருங்கிணைப்பைப் பற்றிய தம் நூலை 1972-இல் வெளியிட்டார். மடியில் வைக்கும் பொதி, தோளில் அணியும் பாரச் சட்டை, பாரப் போர்வை ஆகியவை அவ்வழி வந்தோரிடத்திலே பெருகியவை. நம் வீட்டுப் பயற்றுப் பையும் அந்த இனத்ததே. வண்டு விழுவதால் அடிக்கடி பிரித்துப் பயற்றை மாற்ற வேண்டும் என்பதைத் தவிர அதன்மேல் நமக்கு மனத்தாங்கல் இல்லை.

இனிப் பெரியவரின் முதற் கேள்விக்கு வருவோம். மடியில் ஒரு கிலோவும் தேறாத துணிப்பை இருப்பது மனிதத்தன்மைக்கு இழுக்கு என்கிறார். அதே பிள்ளையின் இடுப்பில் இவர் உறவினர்கள் கட்டிய தாயத்துகள் எத்தனை என்று இவர் எண்ணியதுண்டா? “காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது” என்று சொல்லி ஒருவர் எலுமிச்சங்கனி அறுத்தார். ஒருவர் வேப்பிலையால் அடித்தார். பிள்ளை வீறிட்டபோது, பேய்தான் கத்துகிறது என்று சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள். அடித்த கைக்கு வெள்ளியும் வேட்டியும் வைத்துக் கொடுத்தவர்கள் நாமே. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். ஆங்கிலத்தில் கல்வி கற்று, கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகாமல் எழுதும் கிராணி, தன் பிள்ளையின் விஷயத்தில் பகுத்தறிவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான். அன்று எந்தப் பெரியவரும், “இது மனிதர் செய்யும் காரியமா?” என்று கேட்கவில்லை. வேப்பிலை அடிக்கு இல்லாத கேள்வி பயற்றுப் பைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

“நம் முன்னோர் இதெல்லாம் இல்லாமலா பிள்ளை வளர்த்தார்கள்?” என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். முன்னோர் எதைச் செய்தார்கள் என்பதை இவர்கள் மறந்தார்கள் போலும். கைக்குழந்தையைப் புடவைத் தூளியில் இட்டபோது துணி அதன் உடலை எல்லாப் புறமும் அணைத்துக்கொண்டது. பாட்டிமார் காலை நீட்டிக் குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் நீவி, வெந்நீர் வார்த்து உறங்க வைத்தனர். அவர்கள் நரம்பு நூல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அழுத்தமான கையில் குழந்தை அடங்குகிறது என்பதைக் கண்ணாற் கண்டிருந்தார்கள். தூளியும் எண்ணெயும் ஆட்டிசத்துக்கு மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளையை உற்று நோக்கி அதற்கு இதமானதைச் செய்வது நம் குலத்துக்குப் புதிதன்று என்றே சொல்லுகிறோம். புதிது எதுவென்றால், ஊரார் பார்வைக்கு அஞ்சி அந்த இதத்தைப் பிடுங்குவதுதான்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத தமிழர் இந்நாட்டில் இல்லை. பூமாலை கட்டும் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே, வெள்ளைக் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு பார்வையற்றோர் நடந்து செல்வதை அங்கே நாள்தோறும் காணலாம். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்தில் இருக்கின்றது. அவர்கள் காலால் உணர்ந்து நடப்பதற்கென்றே புடைத்த கோடுகளுள்ள கற்கள் நடைபாதைகளில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கைத்தடியை எவராவது பிடுங்கியதுண்டா? “தடி ஊன்றி நடப்பது மானக்கேடு” என்று எவராவது சொன்னதுண்டா? அன்றி, “இந்தத் தடியை வாங்கினால் 6 மாதத்தில் கண் தெரியும்” என்று எவராவது விற்றதுதான் உண்டா? கைத்தடி கண்ணைக் கொடுக்காது, வழியைக் கொடுக்கும் என்பது அங்கே வடை விற்பவருக்கும் தெரியும். பயற்றுப் பையைப் பற்றியும் இவ்வளவு தெளிவு நமக்கு வந்தால் போதும். இத்தெளிவுக்கு ஒருபுறம் வெட்கப்படுவோர் பகை. மறுபுறம் வியாபாரிகள் பகை.

நிற்க. அந்த வியாபாரிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பேயோட்டியிடமிருந்து தப்பி வந்த பெற்றோரை வழியிலே மறித்து, “பாரப் போர்வை போர்த்தினால் பிள்ளை விடியும்வரை உறங்கும், பேச்சு வரும், பிடிவாதம் போகும்” என்று ஆசை காட்டி விற்போர் இன்று பெருகிவிட்டனர். தாயத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? அது செப்புத் தகட்டில் வந்தது. இது பஞ்சும் கண்ணாடி மணியும் கலந்து வருகிறது.

இதைப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன? 2014-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆட்டிசமும் உறக்கக் கோளாறும் உள்ள, 5 முதல் 16 வயது வரையிலான 67 பிள்ளைகளின் உறக்கத்தை அவர்கள் கணக்கிட்டார்கள். சில நாள் பாரப் போர்வை, சில நாள் அதே தோற்றமுள்ள சாதாரணப் போர்வை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, கையில் கட்டிய கருவியினால் உறங்கிய நேரத்தை அளந்தார்கள். பாரப் போர்வையினால் உறங்கும் நேரம் கூடவில்லை. ஆனால் எந்தப் போர்வை பிடித்தது என்று கேட்டபோது, பிள்ளைகளும் பெற்றோரும் பாரப் போர்வையையே அதிகமாக விரும்பினர். 2020-இல் சுவீடனில், மனநோயும் உறக்கமின்மையும் உள்ள 120 பெரியவர்களிடம் நடந்த மற்றொரு சோதனையிலோ பாரப் போர்வை உறக்கத்துக்கு நன்கு உதவியதாகக் கண்டார்கள். பெரியவருக்குக் கிடைத்த பயனைக் காட்டிப் பிள்ளைக்கு விற்பது நாணயமாகாது. உறக்கம் கூடவில்லை என்பதற்காகப் பிள்ளை விரும்பியதை அற்பமென்று தள்ளுவதும் நியாயமாகாது. பாரம் சில பிள்ளைகளுக்கு இதம். சில பிள்ளைகளுக்கு உபத்திரவம். எந்தப் பிள்ளைக்கும் அது ஆட்டிசத்தைத் தீர்க்கும் மருந்தன்று. உண்மை இவ்வளவே.

நாமும் இந்த வியாபாரத்தில் ஏமாந்தோம். இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து 7 கிலோப் போர்வை ஒன்றை வாங்கி வந்தோம். அப்பொழுது பிள்ளையின் எடை 21 கிலோ. நம் தொழிலோ எடை பார்ப்பது. பழக்குலை ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறினால் ஒரு கிலோ வித்தியாசத்தையும் விடாமல் எழுதுவோம். பெற்ற பிள்ளையின்மேல் அவன் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றுகிறோமே என்று கணக்கிட நமக்குத் தோன்றவில்லை. கிள்ளானின் புழுக்கத்தில் அதைப் போர்த்தி விளக்கை அணைத்தோம். பிள்ளை அசையவில்லை, போர்வை வேலை செய்கிறது என்று மகிழ்ந்தோம். நள்ளிரவில் அவன் தாய் ஏதோ முனகல் கேட்டு எழுந்து பார்த்தபோது, அவன் வேர்வையில் நனைந்து, கண் விழித்தபடி கிடந்தான். புரள முயன்றும் முடியவில்லை. அவனுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. “எடு” என்று சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. எடுத்தெறியக் கையில் வலு இல்லை. அவன் அமைதியடைந்தான் என்று நாம் எண்ணிய அத்தனை நேரமும் அவன் அகப்பட்டுக் கிடந்திருக்கிறான்.

நம் பிள்ளை பிழைத்தான். எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை. 2008-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆட்டிசமுள்ள 9 வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளியிலே பாரப் போர்வையில் சுற்றப்பட்டு, உரிய கண்காணிப்பின்றி விடப்பட்டு மாண்டான். 2022-இல் அமெரிக்காவில் 4 வயதும் 6 வயதுமான இரு சிறுமியர் பாரப் போர்வையின் உறைக்குள் அகப்பட்டு இறந்தனர். அவ்வகைப் போர்வைகள் சுமார் 2,04,000 திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், கைக்குழந்தைகளின் உறக்கத்துக்குப் பாரமேற்றிய துணி எதையும் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. விற்கும் கடைக்காரர் இவற்றைச் சொல்லுகிறாரா? சொன்னாலும் தமிழில் சொல்லுகிறாரா? எச்சரிக்கை முழுதும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. ஆசை வார்த்தை மட்டும் எல்லாப் பாஷையிலும் வருகிறது. நமக்கு ஆங்கிலம் தெரிந்தும் நாம் படிக்கவில்லை. ஆங்கிலம் அறியாத லயத்துத் தாய் என்ன செய்வாள்?

அப்படியானால் இதமான பாரத்தையும் கொடிய பாரத்தையும் பிரித்தறிவது எப்படி? இதற்கு விடையை நமக்குக் காட்டியது டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையாரின் வரலாறு. 1947-இல் அமெரிக்காவில் பிறந்த இவர் ஆட்டிசம் உள்ளவர். சிறு வயதில் பிறர் அணைத்தால் பொறுக்கமாட்டார். ஆயினும் அழுத்தத்துக்கு உடல் ஏங்கும். தம் உறவினரின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பலகைகளுக்கு நடுவே நிறுத்தி அழுத்தும்போது அவற்றுள் சில அமைதியடைவதைக் கண்டார். அதே மாதிரியில் மனிதருக்கேற்ற ஒரு கருவியைத் தமக்கென்று செய்துகொண்டார். படித்த இடத்தில் பலர் அதை அருவருத்தனர். அவருடைய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மட்டும், அது ஏன் அமைதி தருகிறது என்பதை ஆராய்ந்து அறியுமாறு ஊக்கினார். அம்மையார் பின்னர் விலங்கியல் அறிஞராகிப் பேராசிரியராக விளங்கினார். 1992-இல் அந்த ஆராய்ச்சியையும் வெளியிட்டார். இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது பலகையை அன்று; அதன் விசையை. எவ்வளவு அழுத்த வேண்டும், எப்பொழுது விடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விசை அவர் கையிலேயே இருந்தது.

விசை பிறர் கையில் இருந்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சியம் இருக்கின்றது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்களுள் பலர் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியில்லை. 28 பேர் மாண்டனர். அதன் பின்னரே அரசாங்கம் அத்தகைய விடுதிகளை மூடியது. அவர்கள் பெரியவர்கள், அவர்கள் நோய் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட உறவினரும், கட்டிப் போட்டவரும், “எல்லாம் அவர்கள் நன்மைக்கே, அடங்கி இருக்கிறார்கள்” என்றுதான் எண்ணியிருப்பார்கள். அன்றிரவு, நம் பிள்ளை போர்வைக்கடியில் அசையாமற் கிடந்தபோது நாம் எண்ணியதும் அதுவே அல்லவா?

ஆகையால் நாம் வற்புறுத்தும் விதி ஒன்றே: பிள்ளை தன் கையால் தள்ளிவிடக் கூடியது பாரம், தள்ளிவிட முடியாதது விலங்கு. பிள்ளை கேட்டால் கொடு, தள்ளினால் எடு. முகத்தை மூடாதே. வைத்துவிட்டு அகலாதே. உறங்கிய பின்னும் மேலே கிடக்க விடாதே. “உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு” என்று பலரும் சொல்லும் கணக்கு கைப்பழக்கத்தில் வந்ததேயன்றி, அளந்து மெய்ப்பித்த விதியன்று. அதையும் வேதமாகக் கொள்ளாமல், பயிற்சி பெற்றவரைக் கேட்டுச் செய். மூச்சுத் தொல்லை, வலிப்பு, தசைத் தளர்ச்சி உள்ள பிள்ளையாயின் வைத்தியரைக் கேளாமல் தொடவே தொடாதே. பிள்ளை அடங்காததற்குத் தண்டனையாக ஒருபோதும் ஏற்றாதே. பேச்சில்லாப் பிள்ளைக்குத் தள்ளுவதே பேச்சு. அந்தப் பேச்சுக்குச் செவி சாய்ப்பதுதான் சிகிச்சையின் தொடக்கம். பயறும் துணியும் அதற்குப் பின்னரே.

இனி இரண்டாவது கேள்வி: “சபைக்கு அழைத்து வரலாமா?” ஐயா, எந்தச் சபை? 2008-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் மாற்றுத்திறனாளருக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. பொது இடங்களிலும் கல்வியிலும் கலை நிகழ்ச்சிகளிலும் அவர்களுக்குள்ள உரிமையை அது எடுத்துரைக்கிறது. மீறினவரைத் தண்டிக்க மட்டும் அன்று அதில் விதி வைக்கவில்லை. 2019 முதல், எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பலாகாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. சிகிச்சை அளிப்போர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2016-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே நிபுணர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம், “உமது பதிவு எங்கே?” என்று கேட்கத் தோட்டத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அரசாங்கம் கதவைத் திறந்து வைத்த பின்பு, நம் கல்யாண மண்டபம் அதை மூடுவதா?

நம் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் நாம் கேட்பது அதிகமில்லை. ஒலிபெருக்கிக்கும் வாண வேடிக்கைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மண்டபத்தில் இரைச்சல் எட்டாத ஓர் அறையை விடுங்கள். அதில் ஒரு பாயும் இரண்டு தலையணையும் இருந்தால் போதும். மருத்துவமனைகளில் இப்பிள்ளைகளைப் பரிசோதிக்கும்போது பெற்றோருக்குத் தமிழில் விளக்கும் ஆட்கள் வேண்டுமென்று கேளுங்கள். நம் இளைஞர்களுக்குக் கொடுக்கும் கல்வி உதவியில் இச்சிகிச்சைத் துறைக்கும் ஓர் இடம் கொடுங்கள். மாலைகளும் பொன்னாடைகளும் வாங்கும் செலவில் இதற்கு இடமுண்டு.

அந்தப் பெரியவர்மேல் நமக்குக் கோபமில்லை. அவர் பிடுங்கியது இரக்கத்தால். நாம் போர்த்தியதும் அன்பால். இரண்டு பேரும் பிள்ளையைக் கேட்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்கும் நாம் வருவோம், நம் மகனும் வருவான், பையும் வரும். பெரியவர் அவன் பக்கத்திலே வந்து உட்காரட்டும். பை கீழே விழுந்தால் எடுத்து அவன் கைக்கெட்டும் இடத்தில் வைக்கட்டும். வேண்டுமானால் எடுத்துக்கொள்வான், வேண்டாவிட்டால் தள்ளிவிடுவான். அதற்குமேல் அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.